வசந்தி சம்மதித்துவிட்டாள்

பெப்ரவரி 11, இரவு

புற்றுநோய் எலும்புக்கும் பரவியபின், மருத்துவ உதவியோடு இறக்க அனுமதி கேட்டிருந்தேன். டாக்டர்கள் சம்மதித்தார்கள். என் மனைவி வசந்திதான் மறுத்துக்கொண்டே இருந்தாள்.

இன்று லவாலில் மகள் வீட்டிலிருந்து திரும்பும்போது, பாலத்தில் காரை ஓட்டியபடியே சொன்னாள்:

“இஞ்சாருங்கோ, நீங்கள் நோவில துடிக்கிறதை இனி என்னால பாக்கேலாது. நீங்கள் கேட்டபடியே செய்வம். நான் கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்தில இருப்பன்.”

“ஓம்” என்றேன். இவள் விடமாட்டாள் என்ற தைரியத்தில்தான் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தேனா?

எனக்கு இன்னும் உயிரோடு இருக்கவேண்டும். நோவோடு என்றாலும் பரவாயில்லை. காலையில் டாக்டரிடம் வேண்டாமென்று சொல்லிவிடுவேன். வசந்தியிடம் எப்படிச் சொல்வது? அழுதழுது மனதைத் தேற்றிக்கொண்டு, இப்போதுதான் தூங்குகிறாள்.