முதல் போன் சித்திக்குப் போனது

என் பட்டாணிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அப்பாவுக்கு லிஃப்ட் பழுதுபார்க்க இந்த மாதம் இரண்டு கட்டடம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள், முட்டி வலி என்று முனகிக்கொண்டே போய்வருகிறார். நீ சுகமா என்று வழக்கம்போலக் கேட்கிறேன், ஆனால் இந்தத் தடவை "நல்லா இருக்கேம்மா" என்ற பதில் எனக்கு வேண்டாம். ரெண்டு மாதமாக அந்தப் பதிலை வாங்கி வாங்கிப் பத்திரமாக வைத்திருந்தேன், அத்தனையும் பொய் என்று போன சனிக்கிழமைதான் தெரிந்தது. போனில் பேசாமல் எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் மூன்றாவது வாக்கியத்திலேயே என் குரல் ஏறிவிடும், நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் எவ்வளவு கத்தினாலும் விடுதியில் உன் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கேட்காது.

சனிக்கிழமை மதியம் சித்தியின் பார்லருக்கு டை அடித்துக்கொள்ளப் போனேன். மாதம் ஒரு தடவை போவதுதான், கூடப்பிறந்த அக்கா என்றாலும் மற்றவர்களோடு வரிசையில்தான் உட்காரவைப்பாள், அது வேறு விஷயம். பாதித் தலைக்குத் தடவியாகிவிட்டது. பிரஷ்ஷைக் கிண்ணத்தில் தோய்த்துக்கொண்டே, என்ன பேசுகிறோம் என்றே யோசிக்காமல், "உன் பொண்ணுக்கும் உன்னை மாதிரியே பின்மண்டைல ஒரு நரை வந்திருக்குக்கா, இந்த வயசுலயே" என்றாள். நான் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். நீ வீட்டைவிட்டுக் கிளம்பி ஏழு மாதம் ஆகிறது. வீடியோவில் உன் நெற்றி தெரியும், பாதி நேரம் மூக்குத் துவாரம் தெரியும், பின்மண்டை எனக்குத் தெரிந்ததே இல்லை. "அவ பின்மண்டையை நீ எங்கடி பாத்த?" என்று கேட்டேன். பிரஷ் கைதவறி என் மடியில் விழுந்தது. டை தடவினால் நாற்பது நிமிடம் அசையக் கூடாது. கழுத்தில் துண்டு, தலையில் கருப்புச் சாயம், எழுந்து போகவும் முடியாது, அழுதால் துடைக்கவும் முடியாது, சாயம் கண்ணுக்குள் போய்விடும். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் என் மகளுக்கு நடந்ததை என் தங்கை வாயால் கேட்டேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பிருந்தால் நீ திருத்து. உன் லேப் வகுப்பில் மேல்வருஷத்துப் பெண் ஒருத்தி சிநேகமானாள், பிரிண்ட் எடுக்கக் கூட வருவாள், ஜுரம் வந்தால் கஞ்சி வாங்கித் தருவாள். அவளுடைய அண்ணன்முறைப் பையன் ஏதோ ஏற்றுமதி கம்பெனி வைத்திருக்கிறான், அவன் வங்கிக் கணக்கில் இவ்வளவுதான் வாங்கலாம் என்று ஏதோ வரம்புச் சிக்கல், உன் கணக்குக்குப் பணம் வரும், அதைச் சொல்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டால் போதும், நடுவில் உனக்குக் கொஞ்சம் நிற்கும் என்றாள். அப்பா முட்டிக்கு ஊசி போடச் செலவாகிறதே, வீட்டில் கேட்காமல் இருக்கலாமே என்று நீ ஒத்துக்கொண்டாய். ஏழெட்டு தடவை வந்தது, போனது. ஒருநாள் கேன்டீனில் கார்டு வேலை செய்யவில்லை, கணக்கை முடக்கியிருந்தார்கள். மறுநாள் எங்கோ வேறு ஊர் போலீசிடமிருந்து போன், உன் கணக்கு வழியாகப் போன பணம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரை ஏமாற்றி வாங்கியது என்று. அந்த சிநேகிதி நம்பரையே மாற்றிவிட்டாள். முடங்கிய கணக்கில் மாட்டிக்கொண்ட மிச்சத்தைக் கேட்டு இரண்டு பேர் கல்லூரி வாசலில் வந்து நின்றார்கள், உன் அடையாள அட்டையின் படத்தைக் காட்டி "வீடு எங்கன்னு எங்களுக்குத் தெரியும்" என்றார்கள். எந்த வீடு? நானும் அப்பாவும் இருக்கிற இந்த வீடுதானே. அந்த வீட்டுக்கு நீ போன் பண்ணவில்லை. சித்திக்குப் பண்ணினாய்.

பட்டாணி, மறைக்காமல் சொல்கிறேன். கேட்டதும் முதலில் பயம் வந்திருக்க வேண்டும். கோபமாவது வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பொறாமை. பார்லரை மூன்று நாள் பூட்டிவிட்டு, பயிற்சி வகுப்பு என்று என்னிடம் புளுகிவிட்டு, பதினோரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, உன்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்ப் புகார் எழுதிக் கொடுத்து, அந்த இரண்டு பேரின் வண்டி நம்பரையும் கொடுக்கவைத்து, அப்புறம் விடுதி அறையில் உன்னைத் தரையில் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்தாளாமே! அப்போது பார்த்ததுதான் அந்த நரை. போலீஸ் ஸ்டேஷனுக்கு அவள் வந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் போலிருக்கிறது, எண்ணெய் வைத்ததைப் பொறுக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருஷம் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து, ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீங்க, கணக்கை யாருக்கும் குடுக்காதீங்க என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் தொண்டை வறளச் சொல்கிறவள் நான். அவள் யார்? பரிசாகக் கார் விழுந்திருக்கிறது என்று எவனோ சொன்னதை நம்பி, வரி கட்டுகிறேன் என்று வளையலை அடகு வைத்து அனுப்பிவிட்டு, வாசலில் காருக்கு இடம் ஒதுக்கிக் கோலப்பொடியால் கோடு போட்டு வைத்தவள். அவளிடம் போனாயே என்று அன்று முழுக்க எனக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "பொண்ணு பத்திரமா இருக்காளா?" என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். "அப்புறம் என்ன, உன் தங்கச்சிதானே போனா, வேத்தாளா?" என்றார். வேற்றாள் போயிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அது அவருக்குப் புரியாது, அவருக்குத் தங்கை கிடையாது.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் நேராகப் பார்லருக்குப் போனேன், சண்டை போடத்தான். வாடிக்கையாளர் ஒருத்தி முகத்தில் பசை பூசிக் கண்ணை மூடிப் படுத்திருந்தாள், அவளுக்குக் கேட்டால் கேட்கட்டும் என்று ஆரம்பித்தேன், என் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கிறாய் என்றெல்லாம்கூடச் சொல்லிவிட்டேன். சித்தி பதிலுக்குக் கத்தவில்லை. பஞ்சை நனைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள், "நானும் அவகிட்ட கேட்டேன்க்கா, அம்மாவுக்கு ஏன் சொல்லலைன்னு. அம்மாகிட்ட சொன்னா நாளைக்கு சாப்பாட்டு மேஜைல நான் கதையாயிடுவேன் சித்தின்னா." உண்மைதானே. வேலையிலிருந்து வந்ததும் இன்றைய ஏமாளி யார் தெரியுமா என்றுதான் சாப்பாட்டை ஆரம்பிப்பேன். அவர்களைப் போலவே பேசிக் காட்டுவேன், அப்பா சிரிப்பார், நீ புரையேறும்வரை சிரிப்பாய். சித்தியின் கார்க் கதையை எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன், அவளை வைத்துக்கொண்டே. நீ சிரித்துக்கொண்டே என்ன கற்றுக்கொண்டாய் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. ஏமாறக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏமாந்தால் அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று நீ படித்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

புதன்கிழமை நடந்ததையும் எழுதிவிடுகிறேன். உன் வயசுப் பெண் ஒருத்தி கவுன்ட்டருக்கு வந்தாள், தோளில் கல்லூரிப் பை, காதோடு ஒட்டிய போன், யாரோ அழைப்பைத் துண்டிக்காதே என்று மிரட்டிக்கொண்டே இருப்பது அவள் முகத்தில் தெரிந்தது. படிப்புக்கென்று போட்டிருந்த வைப்புத்தொகையை உடைத்து உடனே அனுப்ப வேண்டும் என்றாள். மற்ற நாளாக இருந்தால் வரிசை முழுக்கக் கேட்கும்படி "படிச்ச பொண்ணுதானே நீ?" என்று ஆரம்பித்திருப்பேன். அன்று கவுன்ட்டரை மூடிவிட்டு வெளியே வந்தேன், தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் அவளை உட்காரவைத்து, போனை வாங்கி நானே துண்டித்தேன். உன் பேரில் வந்த பார்சலில் போதைமருந்து இருக்கிறது, யாரிடமாவது சொன்னால் கைது என்று காலையிலிருந்து பயமுறுத்தியிருக்கிறார்கள். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க ஆன்ட்டி" என்றாள். உங்க அம்மாவுக்குத்தாம்மா முதல்ல சொல்லணும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, விழுங்கினேன். "சரி, அம்மா வேணாம். வேற யார்கிட்ட சொல்லுவ?" என்று கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை, "அத்தைகிட்ட" என்றாள். நானே நம்பரைக் கேட்டுப் போட்டுக் கொடுத்தேன். அந்த அத்தை மருந்துக்கடை வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஹெல்மெட்டும் கையுமாக ஓடிவந்தாள். அவள் தோளில் சாய்ந்து அந்தப் பெண் அழுத அழுகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பணம் பத்திரம், பெண் பத்திரம். மேலாளர் கவுன்ட்டரை ஏன் மூடினீர்கள் என்று கேட்டார், தலைவலி என்றேன். அந்த அத்தையின் இடத்தில் உன் சித்தியை வைத்துப் பார்த்தேன், அதற்குமேல் அவளோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அதற்காகப் பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே, அது இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது.

இனி அம்மா சொல்வதைக் கேள், சித்தி ஏற்கெனவே சொல்லியிருப்பாள், என் வாயாலும் கேள். பல் விளக்குகிற பிரஷ்ஷை யாருக்கும் கொடுப்பாயா? கணக்கும் கார்டும் சிம்மும் அப்படித்தான், உயிர்த்தோழியாக இருந்தாலும் கிடையாது. யார் பணமோ தவறி வந்துவிட்டது திருப்பி அனுப்பு என்றால் நீயாக அனுப்பாதே, வங்கிக்குச் சொல். யாராவது உடனே, இப்போதே, யாரிடமும் சொல்லாமல் என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால் போனை வைத்துவிடு, மரியாதை எல்லாம் பார்க்காதே. அந்த மேல்வருஷப் பெண்ணும் அவளுடைய அண்ணன்முறைப் பையனும் அனுப்பிய செய்தி ஒன்றையும் அழிக்காதே, வெறுப்பில் அழிக்கத் தோன்றும், அதுதான் உனக்குச் சாட்சி. தனியாகக் கல்லூரி வாசலைத் தாண்டாதே, கொஞ்ச நாளைக்கு நாலு பேரோடு போ, எங்கே இருக்கிறாய் என்பதை சித்தியோடு மட்டும் இல்லை, என் போனோடும் பகிர்ந்து வை. செலவுக்குக் கையில் இல்லை என்றால் கேள். அப்பா முட்டிக்கு நீ ஊசி வாங்க வேண்டாம், அவர் அந்த ஊசியைப் பயத்தில் போட்டுக்கொள்ளவே இல்லை, அதைத் தெரிந்துகொள். அந்த வாத்தியாரை நினைத்து நீ சாப்பிடாமல் இருப்பதாக சித்தி சொன்னாள். நினை, நினைக்கத்தான் வேண்டும், நடந்ததை ஒளிக்காமல் வாக்குமூலத்தில் சொல், அவருக்கு நீ செய்யக்கூடியது அதுதான், பட்டினி கிடப்பதால் அவருக்கு ஒரு காசு திரும்பாது. அவசரம் என்றால் முதல் போன் சித்திக்கே போகட்டும், அவள் உன்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டாள். இரண்டாவது எனக்குப் பண்ணு. சிரிக்காமல் இருக்க நானும் பழகிக்கொண்டிருக்கிறேன், இந்த வாரம் சாப்பாட்டு மேஜையில் ஒரு கதையும் இல்லை, அப்பா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறார்.

நீ எங்கே இருந்தாலும் தூக்கம் கெடாமல், யாருக்கும் பயப்படாமல், நல்லவர்கள் நடுவில் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். மறந்துவிடாதே, வரும் பதினாலாம் தேதி பத்து மணிக்கு ஸ்டேஷனில் வாக்குமூலம், கணக்கு விவரத்தாள்களை வங்கியில் முத்திரை போட்டு வாங்கி வை. நான் நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன், பன்னிரண்டாம் தேதி பஸ்ஸில் வருகிறேன். சித்தி தானும் வருவேன் என்றாள், வேண்டாம் என்றேன், டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். எடுத்த பிறகுதான் தலையைச் சொரிந்துகொண்டே இன்னொன்றும் சொன்னாள், பெற்றவர்கள் கூட வராமல் வேறு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று உங்கள் வார்டன் மறித்ததால், விடுதிப் பதிவேட்டில் 'அம்மா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் உன் அறைக்கு வந்தாளாம். எனக்கு மறுபடி எரிந்தது. அப்புறம் யோசித்தேன். அவள் உன் அம்மா என்றால், அவளுக்கு அக்காவான நான் உனக்கு என்ன முறை? வார்டன் கேட்டால் நீ திருதிருவென்று முழிக்காதே, பொய் சொன்னதாக சித்தியையும் காட்டிக் கொடுக்காதே. பேனாவை என்னிடம் கொடு, பெரியம்மா என்று நானே எழுதிவிட்டு உள்ளே வருகிறேன்.

இப்படிக்கு,
இந்தக் காகிதத்தில் மட்டுமாவது,
உன் அம்மா