அம்மா கையெழுத்திட்ட மனு

மேற்கு பெர்லின், 4.3.1985

அன்புள்ள அண்ணா,

அண்ணியின் மூட்டுவலி குறைந்ததா? நீ கடிதம் போட்டு மூன்று மாதமாகிறது.

என் புத்தகத்தை அச்சிட ஒப்புக்கொண்டுவிட்டார்கள். "இந்த நாட்டுல கறுப்பருக்கு ஏதும்மா வரலாறு? ரெண்டு பக்கம் தேறுமா?" என்று கேட்ட பேராசிரியரோடு பதினான்கு வருடம் மல்லுக்கட்டி நானூறு பக்கம் எழுதியிருக்கிறேன்.

கடைசி அத்தியாயம் நம் அப்பா. அம்மா 1938இல் கொடுத்த விவாகரத்து மனு ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. 'கறுப்பனோடு வாழ்வது எனக்கு அவமானம்' என்று எழுதியிருக்கிறாள். மறுவருடமே நாஜிகள் அப்பாவை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இதை நான் மறைக்க முடியாது.

உன் தங்கை
இர்ம்கார்ட்

ஹாம்பர்க், 16.3.1985

அன்புள்ள இர்மா,

அண்ணி நடமாடுகிறாள். மனுவை அச்சில் போடாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துவிட்டு உண்மையை எழுதுகிறேன்.

அப்போது உனக்கு இரண்டு வயது, எனக்குப் பத்து. சமையலறையில் அப்பா சொல்லச் சொல்லத்தான் அம்மா எழுதினாள்.

"அவமானம்னு போடு, எல்ஃபி."

"என் கையால எப்படி எழுதுவேன்?"

"எழுதலன்னா புள்ளைங்கள பிடுங்கிட்டுப் போயிடுவாங்க. என்னை விட்டுடு. அதுங்களக் காப்பாத்து."

யாரிடமும் சொல்வதில்லை என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள். அவள் இறந்த பிறகும் அதைக் காப்பாற்றினேன், இன்றுவரை.

லோத்தர்

மேற்கு பெர்லின், 2.4.1985

அண்ணா,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேனோ. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க இனி வழியில்லை.

அத்தியாயத்தைத் திருத்திவிட்டேன். "சொன்னவர் பேர் இல்லாம இது நிக்காதும்மா" என்கிறார் பதிப்பாளர். உன் பெயரைப் போடலாமா? பிரேசில் மாலுமியின் மகன் என்றுதான் நீ வேலை செய்யும் துறைமுகத்தில் சொல்லிவைத்திருக்கிறாய். வேண்டாமென்றால் அத்தியாயத்தையே எடுத்துவிடுகிறேன். புத்தகம் நொண்டும், நொண்டட்டும்.

இர்மா

ஹாம்பர்க், 11.4.1985

அன்புள்ள இர்மா,

பெயரைப் போடு.

நேற்று மதியம் கிரேன் ஓட்டும் டெட்லெஃபிடம் சொல்லிப் பார்த்தேன். "எங்கப்பா பிரேசில்காரர் இல்லடா, கேமரூன்காரர். பேரு எக்வாலா."

அவன் ரொட்டியை மென்றுகொண்டே, "இதுக்காடா முப்பது வருஷமா கதை விட்ட? அந்தப் பேர எப்படி எழுதறது?" என்றான்.

பேனாவை எடுத்தேன். விவாகரத்துக்கு முன் பள்ளி நோட்டில் கடைசியாக எழுதிய பெயர். நடுவில் ஒரு 'l' வருமா, இரண்டு வருமா என்று தெரியாமல் நின்றேன். நீ எழுதி அனுப்பு, பெரிய எழுத்தில்.

லோத்தர்