விருந்துக்கு ஊதாத் தொப்பி

அன்புள்ள ஒடெஸ்ஸா அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? பாஸ்டன் குளிரில் நான் சமைக்கும் பள்ளிச் சமையலறைதான் கதகதப்பு. பேச்சுத் துணைக்குத்தான் ஆளில்லை.

ஒரு கூத்து சொல்கிறேன், கவலைப்படாதே. இதே பள்ளியில் படிக்கும் பேத்தி இமானியின் வகுப்பில் வெள்ளைக்காரர் குடியேறிய காலத்துப் பாடம். அடிமைகளைப் பற்றி அரைநாள்தான், மீதி வாரமெல்லாம் பழங்கால உடையும் விருந்தும். நேற்று சரித்திர டீச்சர் விட்கோம் வந்து, "மிஸ் வெர்னெல், அடுத்த வெள்ளிக்கிழமை விருந்துல நீங்கதான் அடிமைச் சமையல்காரி. தலையில துணி கட்டிப் பரிமாறுங்க, தத்ரூபமா இருக்கும்" என்றாள்.

"எஜமானி யாரு?"

"நான்தான்!" என்று சிரிக்கிறாள்.

கறுப்புப் பிள்ளைகள் நம்மை வெள்ளைக்காரர் பள்ளியில் சேர்த்த வருஷம், நாடகத்தில் டீச்சர் மிஸ் ப்ரூயிட் எனக்கு இதே வேஷம்தான் கொடுத்தாள். நானும் துணியைக் கட்டிக்கொண்டேன். அவள் செத்துப்போனாள், நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ராத்திரி இமானி, "பாட்டி, நீ துணி கட்டினா நான் ஸ்கூலுக்கே போகமாட்டேன்" என்று அழுதாள்.

அதனால், உன் வீட்டில் விட்டுவந்தேனே, நான் சர்ச்சுக்குப் போடும் ஊதாத் தொப்பி, அதை உடனே அனுப்பு. இறகு மடங்காமல் பெட்டியில் வை. அதைப் போட்டுக்கொண்டு இமானி பக்கத்தில் சாப்பிட உட்காரப்போகிறேன். விட்கோம் பரிமாறட்டும்.

அடுப்பில் பால் பொங்குகிறது.

உன் தங்கை,
வெர்னெல்