கான்கிரீட் சுவரில் சரியும் வெளிச்சம்

கோவை
12.6.1996

என் ரிஃபத்துக்கு,

மாமியாருக்கு இப்போது எப்படி இருக்கிறது? உன் குட்டிப்பெண் ரம்ஷாவுக்குக் காய்ச்சல் விட்டதா? கல்யாணமாகி மேட்டுப்பாளையம் போனதும் என்னை மறந்துபோட்டாய் என்று தினமும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாம் சேர்ந்து கட்டடக்கலை படித்த கல்லூரியின் நூலகத்தைப் புதுப்பிக்கிறார்கள். விளக்கு அமைக்கும் வேலை என் கையில். பூச்சே இல்லாத அந்தக் கான்கிரீட் சுவர்கள், பகலிலேயே இருட்டு, ஞாபகமிருக்கிறதா? "வெள்ளையடிச்சுப் போடுங்க, வெளிச்சம் தானா வருமுங்க" என்கிறார் செயலாளர் கோவிந்தராஜுலு. அடித்தால் அந்தக் கட்டடம் செத்துப்போகும். கூரையைப் பார்த்து விளக்கு வைத்தேன். அந்தச் சாம்பல் நிறம் வெளிச்சத்தையெல்லாம் குடித்துவிட்டது.

அடுத்த மாதம் ஒரு சுவரில் மாதிரி காட்டவேண்டும். தனியாக முடியவில்லை. வந்துவிடேன். சேர்ந்தே தொழில் செய்வோம்.

உன் கெசியா

மேட்டுப்பாளையம்
20.6.1996

அன்புக் கெசியா,

உன் கடிதத்தை இவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "போய்ட்டு வா ரிஃபத், ஊட்டை நான் பார்த்துக்கறேன்" என்றார். ஆனால் பக்கவாதம் வந்ததிலிருந்து மாமி என் கையால் ஊட்டினால்தான் வாய் திறக்கிறார். பெற்ற மகன் ஊட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எப்படி வர?

கூரையை விட்டுவிடு. சுவரை ஒட்டினாற்போல விளக்கை வைத்து, வெளிச்சத்தை மேலிருந்து சரியவிடு. வார்த்தபோது கான்கிரீட்டில் பதிந்த பலகைக் கோடெல்லாம் எழுந்து நிற்கும். படிக்கிற இடத்துக்குத் தனித்தனி விளக்கு.

பின்பக்கம் படமும் வரைந்திருக்கிறேன் புள்ள. விளக்கைப் பற்றி என்னிடம் யாராவது கேட்டு வருஷக்கணக்காயிற்று.

துஆவுடன்,
ரிஃபத்

கோவை
18.7.1996

ரிஃபத் கண்ணு,

ஜெயித்துப்போட்டோம்! விளக்கைப் போட்டதும் செயலாளர் சுவரைத் தடவிப் பார்த்து, "ஏனுங்க அம்மணி, இது நம்ம செவுருதானுங்களா?" என்றார். இனி வெள்ளையடிக்கிற பேச்சே இல்லை. வரைபடத்தில் உன் பெயரையும் போட்டுவிட்டேன். முழு வேலையும் ஆரம்பித்தாயிற்று. ஒருநாளாவது வா.

கெசியா

மேட்டுப்பாளையம்
3.9.1996

கெசியா,

வந்தேன்.

போன வாரம் மாமியைக் கோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தோம். ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது, "நான் இருக்கறேன், நீ போய்ப் பார்த்துட்டு வா" என்று இவரே ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

நூலகத்தில் நீ ஏணிமேல் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தாய். சுவர் முழுக்கக் கோடு கோடாக வெளிச்சம். நான் மனதில் பார்த்ததைவிட அழகு. "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்று வாய்வரை வந்தது. நான் சொல்வதற்குள் நீயே இடப்பக்கம் திருப்பினாய்.

கூப்பிடவில்லை. கோபித்துக்கொள்ளாதே. கூப்பிட்டிருந்தால் இறங்கி வந்து கையைப் பிடித்திருப்பாய். அப்புறம் மேட்டுப்பாளையம் பஸ் ஏற எனக்குக் கால் வந்திருக்காது.

உனக்குத் துணையாக வேறு ஆள் பார்த்துக்கொள். எந்தச் சுவர், எந்த விளக்கு, என்ன சிக்கல், எல்லாம் எழுது. 'வா' என்று மட்டும் இனி எழுதாதே.

ரிஃபத்