ஒரு சொல் மாறாமல்

27 ஜனவரி 1934, சனி

இவர் துறைமுகத்து ஆபீசிலிருந்து வரும்போது வாரப் பத்திரிகை வாங்கி வந்தார். மாதர் பக்கத்தில் புதிதாக ஒரு பகுதி. வாரம் ஒரு தலைப்பு கொடுப்பார்களாம். அதை வைத்து நம் வீட்டைப் பற்றி நாமே ஒரு நோட்டில் எழுத வேண்டுமாம். அனுப்பவும் வேண்டாம், யாரும் திருத்தவும் மாட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு சாமான் பட்டியலைத் தவிர நான் வேறொன்றும் எழுதியதில்லை. மகள் ஆலிஸின் பழைய பள்ளிக்கூட நோட்டில் பாதிக்கு மேல் வெற்றுத் தாள் இருந்தது. எட்டு வயதுக்காரி, “என் நோட்டு லா” என்று மலாய்ப் பேச்சில் சண்டைக்கு வந்தாள். ஒரு மிட்டாயோடு முடிந்தது.

தலைப்பு: உங்கள் வீட்டில் யார் எங்கே உட்காருகிறார்கள்?

மாமா வாசல் அறையில், ஜெலுத்தோங் ரோட்டைப் பார்த்தபடி சாய்வு நாற்காலியில். இவர் பின்கட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில். அப்பாவும் பிள்ளையும் ஒரே மாதிரி இடது காலை மடக்கிக்கொண்டு, ஒரே மாதிரி கோப்பியை ஊதி ஊதிக் குடிப்பார்கள். பேச்சுவார்த்தைதான் இல்லை. அத்தை இறந்து இரண்டு வருஷம் - அன்றிலிருந்து.

நான் எங்கே உட்காருகிறேன்? யோசித்துப் பார்த்தால் உட்காருவதே இல்லை. இருவருக்கும் நடுவில் நடந்துகொண்டிருக்கிறேன்.

30 ஜனவரி

சின்னவன் சவேரிக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. எழுத நேரமில்லை.

3 பிப்ரவரி, சனி

தலைப்பு: ஒரு நாளில் உங்கள் வீட்டில் அதிகம் கேட்கும் வாக்கியம்.

இதற்கு யோசிக்கவே வேண்டாம். முன்னாலிருந்து, “ரோசம்மா, அவன்கிட்ட சொல்லு.” பின்னாலிருந்து, “ரோசா, அவர்கிட்ட சொல்லு.”

இன்று மாமா சொல்லச் சொன்னது வேறு. “அவன்கிட்ட சொல்லு. மார்ச் எட்டாம் தேதி நாகப்பட்டினக் கப்பல்ல டிக்கெட் எடுத்துட்டேன். நம்ம ஊர் காரைக்கால்ல தம்பி வீட்டோட இருந்துக்கறேன். திரும்பி வர்றதா இல்ல.”

போய்ச் சொன்னேன். இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே “ம்” என்றார். அவ்வளவுதான்.

மாமாவுக்கு எழுபது வயது. போனால் போனதுதான், இனிமேல் பார்க்கப் போவதில்லை. இவருக்கு அது தெரியாதா? தெரியும். மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. ‘போகாதீங்க’ என்று ஒரு வார்த்தை. அதற்கு யாரிடம் சொல்லி அனுப்புவது?

4 பிப்ரவரி

ஏன் பேசவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். யாரும் படிக்கப் போவதில்லை, இருந்தாலும்.

மாமா முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் டிரெஸ்ஸராக இருந்தவர். நாடியைத் தொட்டால் உயிர் தங்குமா என்று சொல்லிவிடுவார். அத்தை போன அன்று நான் சவேரியைப் பெற்றெடுத்து பாலிக் புலாவில் அம்மா வீட்டில் கிடந்தேன். இவர் ஆபீசில் - ரிக்‌ஷாவில் அரை மணி நேரம். சாயங்காலம் வரை மாமா ஆள் அனுப்பவில்லை. இவர் வந்தபோது அத்தை தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றியாகிவிட்டதாம்.

“நாடி பார்க்கத் தெரிஞ்ச மனுஷன், எனக்கு ஒரு ஆள் அனுப்பலியே” என்று இவர் அன்று ஊர் முன்னால் கத்தினார். மாமா பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

10 பிப்ரவரி, சனி

தலைப்பு: இன்று உங்கள் வீட்டில் பேசியதை ஒரு சொல் மாறாமல் எழுதுங்கள்.

இவர் சொன்னது: “கண்ணாடி போடமாட்டேங்கிறாரு. படியில விழுந்து என் உசிர வாங்கப் போறாரு.”

நான் மாமாவிடம் சொன்னது: “படி பார்த்து இறங்கணுமாம் மாமா. அவங்களுக்குக் கவலையா இருக்காம்.”

மாமா சொன்னது: “குழம்புல உப்பே இல்ல. அவனுக்கு நாக்கு செத்துப்போச்சா, சொல்ல மாட்டானா?”

நான் இவரிடம் சொன்னது: “நீங்க நல்லா சாப்பிட்டீங்களான்னு மாமா கேட்டாங்க.”

இப்படிப் பதினோரு தடவை. ஒன்றைக்கூட வாங்கியபடி கொடுக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

இரண்டு வருஷமாக இவர்கள் பேசிக்கொள்ளவே தேவை இருக்கவில்லை. இருவருக்கும் சேர்த்து நானே அவ்வளவு அருமையாகப் பேசியிருக்கிறேன். அவன் மரியாதையாகத்தான் இருக்கிறான் என்று மாமா நினைப்பு. அவருக்குக் கோபமில்லை என்று இவர் நினைப்பு. கோயிலில் எனக்குத் தங்கமான மருமகள் என்று பேர் வேறு. வெட்கமாக இருக்கிறது.

14 பிப்ரவரி, விபூதிப் புதன்

பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கி வந்தோம். தபசு காலத்துக்கு ஆளுக்கு ஓர் ஒறுத்தல். மாமா சுருட்டை விட்டார். இவர் கோப்பியில் சீனியை விட்டார். ஆலிஸ் மிட்டாயை விட்டிருக்கிறாள், வெள்ளிக்கிழமை வரை தாங்கினால் ஆச்சரியம்.

என்னுடையது: பாஸ்குத் திருநாள் வரை ஒரு சொல்லையும் மாற்றிச் சொல்வதில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஒறுத்தலைத் தம்பட்டம் அடிக்கக் கூடாது.

17 பிப்ரவரி, சனி

மாமா இருமினால் இவருக்கு எரிச்சல். “வாசல்ல காத்துல உக்காந்தா இருமல் வராம என்ன வரும், பிடிவாதம் பிடிச்ச மனுஷன்.” அப்படியே போய்ச் சொன்னேன்.

மாமா என்னையே பார்த்தார். “அவன் அப்படியா சொன்னான்?”

“ஆமாம் மாமா.”

“முன்னெல்லாம் பதமாத்தானே சொல்லி அனுப்புவான்.”

நாக்கைக் கடித்துக்கொண்டேன். முகம் வாடிவிட்டது அவருக்கு. இது என்ன ஒறுத்தல், எனக்கா அவருக்கா?

22 பிப்ரவரி

ஆலிஸ் கேட்கிறாள்: “ஏம்மா, தாத்தாவும் அப்பாவும் திடீர்னு சண்டை போடறாங்க?”

24 பிப்ரவரி, சனி

தலைப்பு: உங்கள் சமையலறையின் வாசனை. எழுதவில்லை. மாமா பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். சவேரி பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறான். மாமா அவனை இறக்கவில்லை. அவனைச் சுற்றி வேட்டிகளை மடித்து வைத்தார். நான் பின்கட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

3 மார்ச், சனி

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் இவர்: “கப்பலேத்த நான் வரமாட்டேன்னு சொல்லு.”

சொன்னேன். மாமா உடனே: “வரவேண்டாம்னே சொல்லு. அவன் அம்மாவே சாகறப்ப அவன் வரவேண்டாம்னுதான் சொன்னா.”

இது எனக்கே புதிது. இதை எப்படிச் சொல்வது? நடு அறையில் நின்றேன். தபசு காலத்துக்கு முன்னால் என்றால் இதை அங்கேயே விழுங்கிவிட்டு, ‘மாமா சரின்னாங்க’ என்றிருப்பேன். ஒறுத்தலாவது ஒன்றாவது என்று தோன்றியது. பயம். ஆனால் இன்னும் ஐந்து நாள்தான். போனேன். சொன்னேன். ஒரு சொல் மாறாமல்.

இவர் ஸ்டூலில் இருந்தபடியே என்னை முறைத்தார். “நீயா கட்டிச் சொல்ற. அப்பா அப்படிப் பேசறவரு இல்ல.”

“நான் எதையும் மாத்தல. நம்பிக்கை இல்லேன்னா நீங்களே போய்க் கேளுங்க.”

எழுந்து போனார். ஸ்டூல் கீழே விழுந்தது.

“இப்படிச் சொன்னீங்களா?” - இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு.

“சொன்னேன்.”

“அம்மாவா சொன்னாங்க?”

மாமா ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். “மத்தியானமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு ரேமண்டு. ஆள் அனுப்ப எழுந்தேன். கையப் பிடிச்சுக்கிட்டா. ‘அவன் முகத்தப் பாத்தா எனக்குப் போக மனசு வராது, எல்லாம் முடிஞ்சப்புறம் வரட்டும்’னா. சரின்னு உக்காந்துட்டேன்.”

“இத ஏன்ப்பா அன்னைக்கே சொல்லல?”

“செத்தவ மேல பழியப் போட்டு நான் நல்லவனாகணுமா? நீயும் அப்புறம் கேக்கலியே. எல்லாத்தையும் இவகிட்டதான சொல்லி அனுப்பின.”

இவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சவேரியைத் தூக்கிக்கொண்டு, ஆலிஸை இழுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தேன். குரல் ஏறியது, இறங்கியது. இவர் அழுதது கேட்டது. மாமா அழுததை நான் கேட்டதாக எழுத மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. அடுப்பில் வைத்த சோறு தீய்ந்துபோயிற்று.

5 மார்ச்

“கப்பலெல்லாம் வேண்டாம்ப்பா” என்று இவரே சொல்லி, இவரே டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். மாமா தடுக்கவில்லை. “பெட்டிய நான்தான் கட்டினேன், நான்தான் பிரிப்பேன், யாரும் தொடக்கூடாது” என்று வீம்பு மட்டும்.

9 மார்ச், வெள்ளி

கப்பல் நேற்றுக் கிளம்பிவிட்டதாம்.

காலையிலிருந்து இருவருக்கும் வாய் ஓயவில்லை. கண்ணாடி போடுவதைப் பற்றி ஒரு சண்டை, குழம்பு உப்பைப் பற்றி ஒரு சண்டை. நடுவில் அத்தையைப் பற்றி இவர் ஏதாவது கேட்பார், மாமா சொல்வார். நாள் முழுக்க ஒருவர்கூட என்னைக் கூப்பிட்டு ‘சொல்லு’ என்று சொல்லவில்லை. நிம்மதி என்று எழுத வேண்டும். நிம்மதிதான். கொஞ்சம் கை ஒடிந்தாற்போலவும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் அத்தை கல்லறைக்குக் கிளம்பினார்கள். டிராம் வண்டியா, ரிக்‌ஷாவா என்று வாசலிலேயே வாக்குவாதம். இவர்கள் வழியில் சண்டை போட்டுக்கொண்டால் யார் பார்ப்பது என்று நானும் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தேன். “நானும் வரட்டுமா மாமா?”

“நீ எதுக்கும்மா?” என்றார் மாமா, செருப்பை மாட்டிக்கொண்டே. “நாங்க பேசிக்கிட்டே போயிடுவோம்.”