வசந்திக்கு ஒரு கால்பலகை

ஜனவரி 19, திங்கள்

காலையிலிருந்து மழை. கிள்ளான் ரயில் தாமதம். வசந்தி குடையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். போன் அடித்தால் எடுப்பதில்லை, பூ கட்டுகிற கையாம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடையில் தைப்பூச ஆர்டர் ஆரம்பம். உயர ஸ்டூலில் காலைத் தொங்கப் போட்டபடி நாள் முழுக்க மாலை கட்டுகிறாள். வீட்டுக்கு வரும்போது இரண்டு காலும் வீங்கிப் பன் ரொட்டி. இனிப்பு நீர் வேறு, ரத்தத்தில் சர்க்கரை. கால் மரத்துப்போகிறது என்கிறாள். லீவு கேள் என்றால், "இந்த நேரத்துல கேட்டா கடை அக்கா மூஞ்சிய தூக்கி வச்சிக்கும்."

யோசனை: கால்பலகை. உட்கார்ந்தபடியே காலை வைத்தால் அதுவே பிடித்துவிட வேண்டும். கடையில் விற்பதெல்லாம் பெரிசு, அவள் ஸ்டூலுக்கு அடியில் நுழையாது. நானே செய்கிறேன். தொழிற்சாலையில் காலம் பூராவும் மெஷின் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு இதுகூட முடியாதா.

வேண்டியவை: சாய்வுப் பலகை. உருளைகள். பழைய கார் வைப்பர் மோட்டார். பேட்டரி. மேலே ரப்பர் விரிப்பு. ஊதுபத்தி வாங்கவும் மறக்கக் கூடாது.

ஜனவரி 21, புதன்

மேரு ஊர்ப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் மோட்டார் கிடைத்தது. "கார் எங்க அங்கிள்?" என்றான் கடைக்காரன். பொண்டாட்டி காலுக்கு என்றேன். மேலும் கீழும் பார்த்தான். பார்க்கட்டும்.

முதல் ஓட்டம். பலகை தானாக நடந்து சோபாவுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. வசந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு, ஆனால் காட்டவில்லை. அடியில் ரப்பர் கட்டை வைத்தாயிற்று. இப்போது நடப்பதில்லை.

ஜனவரி 23, வெள்ளி

முடிந்தது. வெள்ளிக்கிழமை, புது மெஷின். தொழிற்சாலைப் பழக்கத்தில் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் வைத்துச் சூடம் காட்டிவிட்டு, வா, காலை வை என்று கூப்பிட்டேன்.

"பொட்டு வச்சதுல கால வைக்கச் சொல்றீங்களே, உங்களுக்கு அறிவிருக்கா?"

இல்லைதான். துடைத்தேன். துடைத்தாலும் ஆகாதாம். வைத்தது வைத்ததுதானாம். அரை மணி நேரப் பஞ்சாயத்து. முடிவு: காலை வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை, எடுத்த பிறகு ஒரு தடவை, கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

"எப்படி இருக்கு?"

"ம். நல்லாதான் இருக்கு." கொஞ்சம் பொறுத்து, "ஒண்ணும் தெரியலங்க. இன்னும் அழுத்தமா வச்சா தேவல."

ஜனவரி 24, சனி

புகைமூட்டம். தொண்டை எரிச்சல்.

ரப்பர் விரிப்பை மெல்லிசாக்கினேன். உருளைகளில் கணு வைத்தேன். வேகத்தைக் கூட்டினேன். நான் காலை வைத்துப் பார்த்தேன், உயிர் போயிற்று. அவள் வைத்துவிட்டு, "இப்பத்தான் லேசா தெரியிற மாதிரி இருக்கு" என்கிறாள். கடுப்பாகிவிட்டது. இது என்ன காலா, கட்டையா என்று கேட்டுவிட்டேன். தோசை மாவு கரைக்கப் போய்விட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

ஜனவரி 26, திங்கள்

பலகையைக் கடைக்கே கொண்டுபோய் ஸ்டூலுக்கு அடியில் வைத்துக் கொடுத்தேன். கடை அக்கா, "அண்ணே, எங்க வூட்டுக்காரரு எனக்கு ஒரு செருப்புகூட வாங்கித் தந்ததில்லலா" என்றார். எல்லாரும் சிரிப்பு. வசந்தி எல்லார் முன்னாலும், "சொகமா இருக்கு" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து இரண்டாவது மாடல், இன்னும் சத்தம் குறைவாக. ரயிலிலேயே படம் வரைந்தேன்.

ஜனவரி 27, செவ்வாய்

எப்படி எழுதுவது.

மாலை அவளைக் கூட்டிவரப் போனேன். கடைசி மாலையை முடித்து, காலை எடுத்து, வழக்கம்போலக் குனிந்து பலகையைத் தொட்டாள். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"என்னங்க, இப்படிச் சுடுது."

தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல். மதியத்திலிருந்து நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறாள். மோட்டார் கொதித்து மேலே ரப்பர் விரிப்பு வரைக்கும் சூடு. அதன் மேல்தான் இவ்வளவு நேரம் கால்.

"கால் சுடலையா?"

"இல்லையே."

வலது பாதத்தைத் திருப்பினேன். சிவந்து, குதிகாலுக்குப் பக்கத்தில் பெரிய கொப்புளம். வசந்தி அதை வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் தெரியவில்லை. நல்லா இருக்கு என்றதெல்லாம் எனக்காக. இன்னும் அழுத்தமாக வை என்றபோதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா. நான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனிப்பு நீர்க்காரர்களுக்குக் கால் புண் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பக்கத்துத் தெருவிலேயே ஒருவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார்.

ஜனவரி 28, புதன்

கிளினிக். நர்ஸ் மிஸ்ஸி கட்டுப் போட்டார். நம்ம தமிழ்ப் பொண்ணு, நல்ல பொறுமை. பிறகு கையில் ஒரு நைலான் நூல்.

"ஆன்டி, கண்ண மூடிக்குங்க. நான் கால்ல தொட்டா 'ம்' சொல்லுங்க."

ஆரம்பித்தார். வசந்தி "ம்" என்றாள். மறுபடி "ம்". கொஞ்சம் விட்டு இன்னொரு "ம்". நன்றாகப் படிக்கிற பிள்ளை மாதிரி. மிஸ்ஸி நூலைக் காற்றில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். தொடவே இல்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

வெளியே வந்து தனியாகச் சொன்னார். "அங்கிள், மெஷின், சுடுதண்ணி, எதுவும் வேணாம்லா. இனிமே தினமும் அவங்க பாதத்த நீங்கதான் கண்ணால பாக்கணும்."

வாடகைக் காரில் ஏறியதும் வசந்தி கேட்டாள், "எல்லாம் கரெக்டா சொன்னேனா?"

"சொன்ன," என்றேன்.

ஜனவரி 29, வியாழன்

வெயில். பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டேன். காயம் ஆறும் வரை வேலைக்குப் போகக் கூடாது. கடை அக்கா வீட்டுக்கே வந்து பூ கொடுத்துவிட்டுப் போனார், வசந்தி கேட்டாளாம். திட்டலாமென்று வாயெடுத்தேன், முடியவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து மல்லிகை கட்டுகிறாள். டிவியில் சீரியல். நான் கீழே உட்கார்ந்து, காயமில்லாத இடது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். முதலில் கூச்சப்பட்டு இழுத்தாள். பிறகு விட்டுவிட்டாள். மெதுவாகப் பிடித்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, பூவிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"ஏங்க, கைய எடுத்துட்டீங்களா?"

எடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.