அலுவலகத்திலிருந்து மட்டும்

ஆற்றளவு நிலையம், ந்தோண்டோ
அக்டோபர் 9

மச்சான் வொங்கானிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நலமாகத்தான் இருப்பாய். தலைமை அலுவலகத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து இப்படி ஒரு உத்தரவு போட்டிருக்கிறாயே! போனிலேயே கேட்டிருப்பேன். கேட்டால் உன் பெண்டாட்டி குறுக்கே வந்து, "அண்ணே, அவரை விடுண்ணே" என்பாள். தங்கச்சி சொன்னால் அடங்கிவிடுவேன். அடங்க விருப்பமில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஷிரே ஆற்றில் நட்ட ஏழு அளவுக்கம்பங்களும் நான்கு வருடமாக நிலையத்தில் இருக்கும் என் சர்வர் பெட்டியிடம்தான் நீர்மட்டத்தைச் சொல்கின்றன. மட்டம் ஏறினால் அதுதான் ஊர்த்தலைவர்களின் போனுக்கு மணி அடிக்கிறது. அதைப் பிடுங்கிக் கிளவுடில் வை என்கிறாய். கிளவுட் என்றால் என்ன மச்சான்? தென்னாப்பிரிக்காவில் எவனோ கட்டிய கட்டடம், அதற்குள் எவனோ வாங்கிய கணினி, அதில் நமக்கு ஒரு மூலை. நடுவே கம்பி அறுந்தால் ஆறும் தெரியாது, ஊரும் தெரியாது. என் பெட்டி நின்றால் ஒரு உதை விடுவேன், ஓடும். அங்கே யாரை உதைப்பது? படிவம் நிரப்பச் சொல்வார்கள். நாளைக்கே வாடகையை ஏற்றினால்? கேட்பது டாலர், நம் துறையில் நம்மூர்க் காசு குவாச்சாவுக்கே வழியில்லை.

ஆறு நம்முடையது, சனம் நம்முடையது. அளவு மட்டும் அடுத்தவன் வீட்டிலா?

கோபத்துடன்,
லிம்பானி


லிலோங்வே
அக்டோபர் 14

அன்பு மச்சான்,

கல்லூரியிலும் நீ இப்படித்தான். வாத்தியார் கேள்வியை முடிப்பதற்குள் சண்டைக்குப் போய்விடுவாய்.

நீ சொன்னதில் பாதி சரி. கம்பி அறும். டாலர் பில்லைப் பார்த்து என் மேலதிகாரி நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். மீதிப் பாதியை நான் சொல்கிறேன். ஆகஸ்டில் சித்தப்பா சாவுக்கு நீ போன நான்கு நாளும் பேட்டரி தீர்ந்து உன் பெட்டி படுத்துக் கிடந்தது. உதைக்க ஆள் இல்லை. அங்கே மூன்று கட்டடத்தில் மூன்று பிரதி. ஒன்று எரிந்தாலும் மற்றது ஓடும். அதைவிட, உன் நிலையம் ஆற்றிலிருந்து இருநூறு அடி. வெள்ளம் வருகிறது என்று சொல்ல வேண்டிய பெட்டியை வெள்ளத்தின் வாயிலேயே வைத்திருக்கிறாய்.

சிகோம்பே ஊர்த்தலைவர் கலாஃபா கேட்டதையும் மறந்துவிடாதே. பிப்ரவரியில் ஒரு நீர்யானை கம்பத்தில் முதுகு சொறிய, பெட்டி வெள்ளம் என்று மணி அடித்தது. கூட்டத்தில் மனிதர் என்ன கத்து கத்தினார்! "நீர்யானை சொல்லுச்சுன்னு ஊரையே மேட்டுக்கு ஓட்டிட்டுப் போனேன்யா. திரும்பி வந்தா ஆடு மூணக் காணோம். இனிமே மனுசன் ஒருத்தன் பார்த்து, விரல் வச்சு அமுக்கட்டும். அந்த மணி கேட்டாத்தான் என் முரசு." கிளவுடில் அப்படி ஒரு பொத்தான் வை, ஆள் அமுக்கினால்தான் மணி அடிக்க வேண்டும்.

இன்னொன்று. தலைப்பிரசவத்துக்கு ஜனவரியில் உன் தங்கச்சி தியாமிகே சிகோம்பேக்கு, அம்மா வீட்டுக்கு வருகிறாள். அவளைக் கொசு கடித்தால்கூட நீதான் பொறுப்பு.

உன் மச்சான்,
வொங்கானி


ந்தோண்டோ
நவம்பர் 3

மச்சான்,

மாற்றிவிட்டேன். சந்தோஷமா?

முதல் வாரமே எங்கள் இணைப்பு ஆறு மணி நேரம் போயிற்று. ஆனால் கம்பங்களுக்குத் தனித்தனி சிம் இருப்பதால் அளவெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆனால் உலகத்துக்கே திறந்து கிடக்கும் வீட்டில் நான் படுக்க மாட்டேன். எந்த ஊர் வெட்டிப்பயலோ விளையாட்டுக்குப் பொத்தானை அமுக்கினால் இன்னொரு நீர்யானை! அதனால் ஒரு விதி எழுதியிருக்கிறேன். பெயர்: 'அலுவலகத்திலிருந்து மட்டும்'. ந்தோண்டோ நிலையத்தின் இணைப்பு வழியாக வந்தால்தான் பொத்தான் வேலை செய்யும், தலைவர்களின் எண்களும் தெரியும். மற்றவர்கள் நீர்மட்டத்தைப் பார்க்கலாம், எதையும் தொட முடியாது. நீயும்தான்.

லிம்பானி


லிலோங்வே
நவம்பர் 8

மச்சான்,

நல்ல பூட்டு. எனக்கும் ஒரு சாவி கொடுத்து வை. ஒரு நாள் நீ அங்கே இல்லாமல் போகலாம்.

வொங்கானி


ந்தோண்டோ
நவம்பர் 9

நான் இல்லாவிட்டால் காவலாளி மவேரே இருக்கிறார், அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அலுவலகம் எங்கே ஓடிவிடும்? சாவி கிடையாது. தலைமை அலுவலகம் எல்லாவற்றிலும் விரலை விட வேண்டாம்.

லி.


சிகோம்பே பள்ளிக்கூட மேடு
ஜனவரி 19

வொங்கானி,

முதலில் நல்ல செய்தி. தியாமிகே உயிரோடு இருக்கிறாள். இடுப்பளவுத் தண்ணீரில் அம்மா அவளை இழுத்துக்கொண்டு வந்து இந்த மேட்டில் சேர்த்திருக்கிறாள். வகுப்பறையில் நான்கு மேசையைச் சேர்த்துப் போட்டு, பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம்.

இப்போது கேட்கிறேன், பதில் சொல். பதினாறாம் தேதி காலை ஒன்பதரைக்குத் தண்ணீர் நிலையத்துக்குள் புகுந்தது. புரண்டு வந்த தண்ணீரில் கணினியிடம் போவதற்குள், ஐந்து நிமிடத்தில் மின்சாரம் போயிற்று. நானும் மவேரேயும் இரண்டு நாள் தகரக் கூரையில் கிடந்தோம், போன் நனைந்து செத்துவிட்டது. படகு வந்து இறக்கியதும் நேரே இங்கே ஓடி வந்தேன். தலைவர் கலாஃபா இல்லை. கீழே நாணலில் கிடந்த அவர் உடலை நேற்றுத்தான் தூக்கி வந்தார்கள்.

ஊர் சொல்வதைக் கேள். "ஆத்துச் சத்தம் ஒரு மாதிரி இருக்கு தலைவரே, ஓடலாமான்னு பத்து மணிக்கே கேட்டோம். 'இருங்கடா, நிலையத்துல மனுசன் உக்காந்திருக்கான், மணி அடிப்பான்'னு போனைக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு." பதினொன்றுக்கு வாசலில் தண்ணீர். அப்புறம்தான் முரசு. அடித்துவிட்டு, நடக்க முடியாத கிழங்களைத் தூக்கப் போனவர் திரும்பவில்லை.

மூன்று கட்டடம், மூன்று பிரதி! கம்பங்கள் ஏழும் பேசிக்கொண்டுதானே இருந்தன? நீ அதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? ஒரு பொத்தானை அமுக்க உங்கள் கிளவுடில் ஒரு நாதி இல்லையா? என் பெட்டி மூழ்கியிருக்கும், சரி. மூழ்குவதற்கு முன் ஒரு தடவையாவது கத்தியிருக்கும். உன் பெண்டாட்டி வயிற்றுப் பிள்ளையோடு தண்ணீரில் நின்றாள். நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?

லிம்பானி


லிலோங்வே
ஜனவரி 21

திரு. லிம்பானி அவர்களுக்கு,

குழந்தைச் செய்திக்கு நன்றி. பாலம் சரியானதும் நானே வந்து அவர்களை அழைத்துக்கொள்கிறேன்.

கேட்டதற்குப் பதில். பதினாறாம் தேதி காலை 9:40 முதல் 11:05 வரை பொத்தானை நாற்பத்தொரு முறை அமுக்கினேன். நாற்பத்தொரு முறையும் பதிவேட்டில் ஒரே வரி. 'மறுக்கப்பட்டது. காரணம்: அலுவலகத்திலிருந்து மட்டும். விதியை எழுதியவர்: லிம்பானி.'

தலைவர்களின் எண்கள் அதே பூட்டுக்குள் இருந்தன. மாவட்ட அலுவலகத்துக்குச் சொன்னேன். அவர்கள் ஜீப் உடைந்த பாலத்தில் நின்றுவிட்டது. தியாமிகேயின் போனை சந்தையில் சார்ஜ் கடைக்காரர் எடுத்தார். "அக்கா சாயங்காலம்தான் வரும் சார். வெள்ளமா? இங்க தூறல்கூட இல்லையே" என்றார்.

கிளவுட் ஒரு நொடிகூடத் தூங்கவில்லை. நானும்.

வொங்கானி


ந்தோண்டோ
ஜனவரி 30

மச்சான் வொங்கானிக்கு,

இப்படி எழுதும் உரிமை போய்விட்டது என்று தெரியும். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க ஒன்பது நாள் முயன்றேன். நாற்பத்தொன்று. நானே எண்ணினேன். நான்கு முறை எண்ணினேன்.

தலைவரின் மனைவியிடம் போய்ச் சொன்னேன்: அந்தப் பூட்டைப் போட்டது நான், சாவி கேட்டவனுக்குக் கொடுக்காததும் நான். அவள் மாவு கிண்டிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. "அவரு மெசினை எங்கய்யா நம்புனாரு? மனுசன் இருக்கான்னுதானே உக்காந்திருந்தாரு" என்றாள். திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

கிளவுடின் மேல் எனக்கு இன்னும் சந்தேகம்தான். கம்பி அறுந்தால் என்ன செய்வாய் என்று இன்றைக்கும் உன்னோடு சண்டை போடுவேன். ஆனால் அன்றைக்குக் கம்பி அறவில்லை. கதவு நல்ல கதவு. உள்ளே தாழ் போட்டு, சாவியை ஆற்றங்கரையில் வைத்தவன் நான்.

விதியை அழித்துவிட்டேன். ஒரே ஒரு வரி. பதினொரு நொடி ஆயிற்று.

இப்போது எங்கிருந்து போட்டாலும் திறக்கும் மூன்று கடவுச்சொல், மூன்று சாவி. ஒன்று மேட்டு ஆஸ்பத்திரி நர்ஸிடம். ஒன்று தலைவரின் இடத்துக்கு வந்திருக்கும் அவர் அக்கா மகளிடம், முரசும் அவளிடம்தான். இன்னொன்று உனக்கு, இதோடு அனுப்பியிருக்கிறேன். எனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை.

பதில் எழுத வேண்டாம். சாவி திறக்கிறதா என்று மட்டும் ஒரு முறை போட்டுப் பார். நீ வந்து போனால் பதிவேட்டில் ஒரு வரி விழும். தினமும் காலையில் நான் முதலில் திறப்பது அதைத்தான்.

லிம்பானி